தண்ணி எந்தாண்ட போவுது?

2024 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை காலை. பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில் பக்கம் தொடங்கி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே ஓடி, ஊரூர் குப்பம் தாண்டி, அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் நிற்கிற உடைந்த பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவது என் வழக்கம். போக வர ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வருஷமாக, மழை கொட்டும் நாட்களும் ஊரில் இல்லாத நாட்களும் போக, தினமும் அதே தடம். அன்று குப்பத்துப் படகுகளுக்குப் பக்கத்தில் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. குனிந்து கட்டினேன். நாலடி தள்ளி, மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். தினமும் பார்க்கிறவர். நான் தலையசைப்பேன், அவரும் அசைப்பார், அவ்வளவுதான் பழக்கம். அன்று வாய் திறந்தார்.

“தெனமும் ஓடுறியேம்மா, இன்னிக்குத் தண்ணி எந்தாண்ட போவுது?”

நான் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். அலை வந்தது, நுரைத்தது, திரும்பியது. “கரைக்குத்தானே அண்ணா வருது?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஊசியைக் கண்ணியில் நுழைத்து இழுத்துவிட்டு, “அது அலை. நான் தண்ணியக் கேட்டேன்” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டது என்னவென்றே பாதிதான் புரிந்தது. “தெரியலண்ணா” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பாலம் வரை போய்த் திரும்பி வரும்போது அவர் அங்கே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குளிக்கும்போதும் இருந்தது, ஆபீஸில் இருந்தது, ராத்திரி மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோதும் இருந்தது. ஆயிரம் காலைக்குக் கிட்டத்தட்ட இந்தக் கடலுக்குப் பக்கத்தில் ஓடியிருக்கிறேன். அது எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியாது. அது எங்கேயாவது போகிறது என்பதே தெரியாது.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். “கடலுக்கு ஏதுடி போக்கு? ஆத்துக்குத்தானே போக்கு” என்றாள் முதலில். அப்புறம் அவளே யோசித்துச் சொன்னாள்: “நாங்கல்லாம் தண்ணி வர்றதுக்கு முன்னாடியே வாசனையில கண்டுபிடிச்சுடுவோம். காஞ்ச மணல்ல தண்ணி ஏறுற வாசனை. படித்துறைக்குப் போகாமலே பாட்டி, ‘ஆத்துல தண்ணி வந்துடுத்து’ன்னுவா.” மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள் என்றால் எத்தனையாவது நாள் தன் தெருக்கோடிக்கு வரும், முதல் தண்ணீர் என்ன நிறம், எத்தனை நாளில் தெளியும் என்றெல்லாம் அம்மாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஊரைவிட்டு வந்து நாற்பது வருஷமாகிறது. அவளுக்குத் தன் ஆற்றைத் தெரிந்த அளவுக்கு எனக்கு என் கடலைத் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

அலை வேற, தண்ணி வேற

அடுத்த ஒரு வாரம் ஓடும்போதெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஓடிக்கொண்டு பார்த்தால் எல்லாமே பின்னால் போவது போலத்தான் இருக்கும். நின்று பார்த்தால் அலைதான் கண்ணை இழுக்கிறது. அலை அவ்வளவு சத்தம் போடுகிறது, அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, அதைத் தாண்டி வேறொன்றைப் பார்க்கக் கண்ணுக்குப் பழக்கமில்லை.

ஓட்டத்தின் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஓடுவது எனக்கு மிகப் பிடித்த விஷயம். முதல் கிலோமீட்டர் உடம்பு மறுக்கும். மணல் காலை உள்ளே இழுக்கும். ஈர மணலுக்கு இறங்கியதும் கால் லேசாகும். ஊரூர் குப்பம் நெருங்கும்போது மூச்சும் காலடியும் ஒன்றாகிவிடும், மூன்று அடிக்கு ஒரு மூச்சு உள்ளே, மூன்று அடிக்கு ஒரு மூச்சு வெளியே. அந்த நேரத்தில் மீன் ஏலத்தின் குரல், வேளாங்கண்ணி கோயில் மணி, காயப்போட்ட நெத்திலியின் வாசம் எல்லாம் உடம்புக்குள்ளே வந்து போவது மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை. ஆனால் அது என் சந்தோஷம், என் மூச்சு, என் கால். கடல் அதற்குப் பின்னணியாக இருந்தது. பெரியவருடைய கேள்வி பின்னணியை முன்னால் இழுத்துப் போட்டது.

ஒரு வாரம் கழித்து நானே அவரிடம் போய் உட்கார்ந்தேன். “சொல்லுங்கண்ணா, எப்படிப் பாக்கிறது?” அவர் இரண்டு வார்த்தை கொடுத்தார். “தெக்கேர்ந்து வடக்கால போனா தெண்டி. வடக்கேர்ந்து தெக்கால வந்தா வன்னி.” அதற்கு மேல் விளக்கவில்லை. “எதுனா போட்டுப் பாரு, தெரியும்” என்றார். தெண்டி, வன்னி. நாற்பத்து நாலு வயதில் தமிழில் இரண்டு புது வார்த்தைகள். அதே தமிழ்நாட்டுக் கடற்கரையில் தெற்கே போனால் இந்த ஓட்டத்துக்கு நீவாடு என்று பெயர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். தமிழ் படித்தவள் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பக்கத்துத் தெருவில் தினமும் புழங்கும் வார்த்தை என் காதுக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஒரு நெற்றுத் தேங்காயோடு நடை

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஓடவில்லை. ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு நேராகக் கடலோரம் ஒரு சின்ன நெற்றுத் தேங்காய் ஒதுங்கிக் கிடந்தது. உரிக்காதது, காய்ந்து சாம்பல் நிறமானது, ஒரு பக்கம் நார் பிரிந்து நின்றது. அதை எடுத்து, முழங்கால் தண்ணீர் வரை இறங்கி, முதல் அலை உடைகிற இடத்துக்கு அப்பால் எறிந்தேன். செருப்பைக் கழற்றி, மணலில் எறிந்த இடத்துக்கு நேராகக் குத்துக்கல் மாதிரி நட்டு வைத்தேன்.

தேங்காய் முங்கி எழுந்தது. ஒரு அலை அதைக் கரைப்பக்கம் தள்ளியது. நேராக என்னிடம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்கு இடப்பக்கம் சாய்வாக ஏறியது. அலை திரும்பும்போது அதுவும் திரும்பியது, ஆனால் ஏறின வழியிலேயே இறங்கவில்லை, சரிவின் வழியே நேராக இறங்கியது. அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றியது. மறுபடி நேராக இறக்கியது. மேலே இருந்து யாராவது அதன் தடத்தை வரைந்திருந்தால் ரம்பத்தின் பல் மாதிரி வந்திருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் சில அடி வடக்கே. ஐந்து நிமிஷத்தில் என் செருப்பைவிட்டு வெகுதூரம் வந்திருந்தேன். ஓடிப் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு மறுபடி தேங்காயிடம் வந்தேன்.

அதோடு நடந்தேன். அதற்கு அவசரமில்லை. சில நேரம் கரையேறி மணலில் உட்கார்ந்துவிடும், பெரிய அலை வந்து கூட்டிப் போகும் வரை நானும் காத்திருப்பேன். அப்படி நின்ற நேரங்களில்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அலை வழிந்து திரும்பும்போது ஈர மணலில் அம்புமுனை மாதிரி நூற்றுக்கணக்கான சின்னக் கோடுகள் தோன்றி மறைந்தன. குனிந்து ஒன்றின் அடியில் கையை விட்டு அள்ளினேன். கட்டைவிரல் நுனி அளவுக்கு, முட்டை வடிவத்தில், சாம்பல் நிற ஓட்டோடு ஒரு பூச்சி நண்டு உள்ளங்கையில் பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டப் பார்த்தது. திரும்பிப் போகும் தண்ணீரில் இறகு மாதிரியான மீசையை விரித்து, வருகிற தீனியை வடிகட்டித் தின்னும் உயிர் அது. அந்த மீசைதான் தண்ணீரைக் கிழித்து அம்புமுனையைப் போடுகிறது. மூன்று வருஷம் நான் அவற்றின் தலைக்கு மேலே ஓடியிருக்கிறேன். கீழே விட்டதும் இரண்டு நொடியில் மணலுக்குள் காணாமல் போனது.

நாற்பது நிமிஷத்தில் தேங்காயும் நானும் குப்பத்துப் படகுகள் பக்கம் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு அலை அதை உயரமாகத் தூக்கிப் போட்டது, அதன் பிறகு தண்ணீர் அதை எட்டவில்லை. நான் நின்றேன். உடம்பில் வேர்வை கூட இல்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் அவ்வளவு களைத்து, அவ்வளவு நிறைந்து நான் வீட்டுக்குப் போனதில்லை. தேங்காய் செய்ததையே ஒவ்வொரு மணல் பருக்கையும் செய்கிறது என்பது அங்கே நின்றபோது புரிந்தது. நான் காலடியில் அசையாமல் கிடப்பதாக நினைத்த கடற்கரை முழுக்க, சாய்வாக ஏறி, நேராக இறங்கி, வடக்கே நடந்துகொண்டிருக்கிறது.

அது புரிந்தபோது ஊரே வேறு மாதிரி தெரிந்தது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். அதற்கு முன் அலை கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து நடந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. நின்று நின்று அகலமானதுதான் மெரினா. 1884 வாக்கில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு அந்தப் பெயரை வைத்தார். சுவருக்கு வடக்கே மணல் போய்ச் சேரவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது, இன்றைக்கும் அங்கே கல் கொட்டித்தான் வீடுகளைக் காப்பாற்றுகிறார்கள். நாம் சுண்டல் தின்கிற மணல், வடக்கே ஒருவருடைய வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். இதையெல்லாம் எங்கோ படித்திருக்கிறேன். படித்தது ஒரு நாளும் மனதில் ஒட்டவில்லை. தேங்காயோடு நடந்த பிறகுதான் ஒட்டியது.

என் ஓட்டம் முடிகிற இடமும் இதே கதைதான். உடைந்த பாலம் 1967-இல் கட்டினது, குப்பத்து ஜனங்கள் ஆற்றைத் தாண்டிப் பட்டினப்பாக்கம் பக்கம் போய்வர. 1977-இல் வெள்ளம் நடுவில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தால், கோடையில் ஆற்றின் வாயை மணல் மெதுவாக மூடிக்கொண்டு வருவது தெரியும். ஆற்றில் தள்ளுகிற தண்ணீர் இல்லை, கடலில் தெண்டி மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் மண் அள்ளும் இயந்திரங்கள் வந்து வாயைத் திறந்துவிடுகின்றன. 2015 டிசம்பரை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. அந்த வாய் திறந்திருக்கிறதா என்று இப்போது போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

காற்றுக்குப் பெயர்

பள்ளிக்கூடத்தில் படித்தோம்: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. ஒரு மார்க் கேள்வி. நானும் சரியாக எழுதி மார்க் வாங்கினேன். அந்த நாலு காற்றும் என் முகத்தில் அடித்தபோது எது எதுவென்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஜூன் காலையில் ஐந்தே முக்கால் மணிக்குக் காற்று ஊர்ப்பக்கமிருந்து வருகிறது, என் இடது காதில் படுகிறது, அதில் டீக்கடைப் பால் வாசமும் சாக்கடை வாசமும் இருக்கும். ராத்திரி முழுக்க நிலம் குளிர்ந்து, கடல் வெதுவெதுப்பாகவே இருப்பதால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. பாய் கட்டின காலத்தில் படகுகள் அதைப் பிடித்துக்கொண்டு விடியுமுன்னே கிளம்பின, மதியத்துக்கு மேல் நிலம் சூடேறிக் கடற்காற்று திரும்பியதும் அதிலேயே கரை வந்தன. கோடையில் அந்தக் கடற்காற்று பதினோரு மணிக்கு உள்ளே வந்துவிட்டால் ஊர் பிழைத்தது. மேற்குக் காற்று பலமாக இருந்து அதை இரண்டு மணி வரை வெளியே நிறுத்திவிட்டால் அன்றைக்கு நாற்பது டிகிரி. வானிலை அறிக்கையில் “கடற்காற்று தாமதம்” என்று வருவதைப் பல வருஷம் கேட்டிருக்கிறேன். அந்தத் தாமதம் காலையிலேயே என் இடது காதில் தொடங்குகிறது.

ஒரு நாள் மணலில் காய்ந்த முள்பந்து ஒன்று என்னை முந்திக்கொண்டு உருண்டது. இராவணன் மீசை. கடற்கரைப் புல், அதன் விதைக்கொத்து ஈர்க்குச்சிகளைப் பந்தாகக் கட்டினது போல இருக்கும். காற்று அதை உருட்டிக்கொண்டு போகும், குச்சி முனைகளில் நின்று நின்று, சிலந்தி நடப்பது மாதிரி. போகிற வழியில் விதை உதிரும். அடம்பங்கொடி படர்ந்திருக்கும் மேட்டில் அது மாட்டிக்கொண்டு நின்றது. அடம்பின் இலை நடுவில் பிளந்த குளம்பு மாதிரி, பூ ஊதா. நெய்தல் நிலம் என்று கரும்பலகையில் எழுதிப் படித்த நிலம் இதுதானே, அஷ்டலட்சுமி கோயிலுக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்துக்குப் பத்தடி தள்ளி. தாழையும் புன்னையும் இங்கே அதிகம் மிச்சமில்லை. அடம்பு மிச்சமிருக்கிறது. அதைப் பிடுங்கிச் சுத்தம் செய்கிறேன் என்று சிலர் கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அதன் வேர்தான் மேட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே, ஜூனில் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும்போது கடலில் காலை வைத்தால் சில்லென்று இருக்கும். டிசம்பர் குளிரில் அதே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். என் மனப்பிரமை என்று நினைத்திருந்தேன். பெரியவரிடம் சொன்னதும், “கோடையில தண்ணி சில்லுனுதான் இருக்கும், அடித்தண்ணி மேல வருதில்ல” என்று சாதாரணமாகச் சொன்னார். அது நிஜம். தெற்கத்திக் காற்று கரையை ஒட்டியே அடிக்கும்போது, பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் கரையைவிட்டு விலகிப் போகிறது, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. புத்தகத்தில் இதைத் தேடிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவருடைய வாக்கியத்தில் ஏழு சொல்தான்.

நிழல் மாறும் பக்கம்

ஒரே இடத்தில் தினமும் ஓடினால் சலிக்காதா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில் ஓடினால்தான் மாறுவது எது என்று தெரிகிறது. புது ஊரில் எல்லாமே புதுசு, எது நேற்று இல்லாதது என்று சொல்ல முடியாது. இங்கே ஜூனில் சூரியன் எனக்கு முன்பக்கம் வலதாக, பாலத்தைத் தாண்டின கடலிலிருந்து எழுகிறது, நிழல் இடப்பக்கம் பின்தங்கி வருகிறது. செப்டம்பர் கடைசியில் நேர் கிழக்கு, நிழல் தோளோடு தோள். டிசம்பரில் சூரியன் முதுகுப்பக்கம் திருவான்மியூர் திசையில் போய்விடுகிறது, நிழல் எனக்கு முன்னால் ஓடுகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும், நண்பகலில் நிழலே இல்லாத ஒரு நாள் வரும். போன வருஷம் ஆகஸ்டில் ஆபீஸ் வாசலில் தண்ணீர்ப் பாட்டிலை நிறுத்தி வைத்துக் காவலாளி அண்ணனும் நானும் பார்த்தோம். நிழல் அடிப்பக்கத்துக்குள்ளேயே சுருண்டு போனது. அவர் தன் பெண்ணுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

ஷ்மிட் நினைவு மண்டபத்தில் ஒரு கல்வெட்டு இருப்பதையும் அந்த வருஷம்தான் நின்று படித்தேன். எத்தனை தடவை அதன் சுவரில் சாய்ந்து காலை நீட்டி மடக்கியிருப்பேன். 1930 டிசம்பர் 30, மற்றவர்களைக் காப்பாற்றப் போய் இந்த இடத்துக்குப் பக்கத்தில் மூழ்கிப்போன டென்மார்க் நாட்டுக்காரர் ஒருவருக்காக எழுப்பினது அது. டிசம்பர். வாடைக்காலம். வன்னி ஓடுகிற மாதம். அந்தச் சுவரில் நான் இப்போது சாய்வதில்லை.

பங்குனி ஆமை

மழை ஓய்ந்ததும் கரை மெலிந்துவிட்டது. அக்டோபருக்குப் பிறகு தண்ணீரின் ஓட்டம் திரும்பி, வடக்கிலிருந்து தெற்கே வர ஆரம்பித்திருந்தது. இந்த முறை தேங்காய் தேவைப்படவில்லை. ஆகாயத்தாமரைக் கொத்துகள் ஆற்று வாயிலிருந்து வெளியே வந்து, கரையை ஒட்டித் தெற்கே, எனக்கு எதிரே மிதந்து வந்தன. பச்சையாக, வரிசையாக, ஊர்வலம் மாதிரி.

பங்குனி ஆமைகளின் காலம் தொடங்கும்போது அதிகாலையில் ஓடுகிறவர்கள் தடத்தைப் பார்க்கலாம். டிராக்டர் சக்கரம் கடலிலிருந்து ஏறி வந்து மறுபடி இறங்கிப் போனது போல இருக்கும். முனையில் கலைந்த மணல் வட்டம். அதற்குக் கீழே முழங்கை ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல். 1988-லிருந்து மாணவர்கள் இந்தக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து, நாயும் மனிதனும் தோண்டுவதற்கு முன்னால் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் மணலின் சூட்டிலேயே பொரிகின்றன. மணல் அதிகம் சுட்டால் பெண், குறைவாகச் சுட்டால் ஆண். நான் ஓடுகிற மணலின் சூடு ஒரு உயிர் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை முதல் தடவை கேட்டபோது, குனிந்து கையை மணலில் வைத்துப் பார்த்தேன்.

ஆனால் 2025 ஜனவரியில் நான் பார்த்தது தடங்களை அல்ல. முதலில் ஒன்று. மறுநாள் மூன்று. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, ஓட்டின் மேல் ஈ மொய்க்க. சென்னையிலும் செங்கல்பட்டிலுமாக ஆயிரத்துக்கு மேல் அப்படி ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி. இழுவை வலையில் சிக்கி அடியிலேயே கிடந்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். கரையை ஒட்டி விசைப்படகுகள் வலை இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த வாரங்களில் என்னால் சரியாக ஓட முடியவில்லை. ஒரு காலை, தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடலாம் என்று தோன்றியது. பழைய நானாக இருந்தால் கடந்திருப்பேன். நின்றேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துடுப்புக் காலின் ஓரத்தில் ஒரே ஒரு நகம், வளைந்து, கறுத்து. அதன் முதுகில் கொட்டலசு என்கிற சின்ன ஓட்டுயிர் ஒட்டியிருந்தது, எத்தனையோ தூரம் சுமந்து வந்தது. காப்பகத்துப் பிள்ளைகளுக்கு இடத்தைச் சொல்லி ஃபோன் செய்தேன். அவர்கள் வரும் வரை நாய் வராமல் அங்கேயே இருந்தேன். கவனிக்கக் கற்றுக்கொண்டால் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடியாது.

அன்று திரும்பும்போது பெரியவர் படகோரம் இருந்தார். வலை முழுக்க ஈரம், நடுவில் பெரிய கிழிசல். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆமையைப் பற்றிச் சொன்னேன். “பாவம், அதுங்க இன்னா பண்ணும்” என்றார், அதற்கு மேல் பேசவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அலைக்கு அப்பால் ஒரு பிளாஸ்டிக் மிதவை, யாருடைய வலையிலிருந்தோ அறுந்து வந்தது, மெதுவாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

“வன்னிண்ணா.”

அவர் நிமிர்ந்து ஒரு தடவை கடலைப் பார்த்தார்.

“மேல வன்னி” என்றார். “அடியில தெண்டி ஆரம்பிச்சுடுச்சு.”

“அடியில எப்படித் தெரியுது உங்களுக்கு?”

கிழிசலின் ஓரத்தை என் கையில் கொடுத்தார். மேல்கயிறு ஒரு பக்கமும் அடிக்கயிறு மறுபக்கமுமாக இழுத்ததில் கண்ணிகள் எல்லாம் சாய்ந்து முறுக்கிக் கிடந்தன. “புடிச்சுக்கோ, இறுக்கமா” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.